பிரேக் அக்காவும் சம்பந்தியும்

"ஒம்பதரைக்கு வந்து வாங்கிக்கிறேண்ணே. நடுவுல அழுதா தூக்காதீங்க. அதுவா அடங்கிடும்."

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது, இடுகாட்டு வாசலில் நின்று, கைக்குட்டையில் சுற்றிய எதையோ காவலாளியின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவனை இடுகாட்டுக்கு வரச்சொல்கிறாரே என்ற யோசனையிலேயே வந்திருந்த எனக்கு, கைக்குட்டைக்குள் இருப்பது பூனைக்குட்டியோ என்று தோன்றியது. காவலாளி அதைத் தன் அறையின் சன்னல் மேடையில் வைத்தபோது துணி விலகியது. கைபேசி.

"வா தம்பி. இங்கதான் ரோடு காலியா இருக்கும். உள்ள இருக்கிறவங்க யாரும் குறுக்க வரமாட்டாங்க" என்று சொல்லி, காரின் கதவைத் திறந்துவிட்டார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றால் நகல் எடுக்கும் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைக் கார். ஆண்கள் போடும் கேன்வாஸ் ஷூதான் போடுவார். அதில் வலது ஷூவின் அடி மட்டும் இடதைவிட இரண்டு மாதம் முன்னதாகத் தேய்ந்துபோகும். காரணம், காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நாம் மிதிக்க மறந்ததை எல்லாம் அவர் மிதிப்பார். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. நாற்பது வயதுக்காரரும் அக்கா என்பார், எழுபது வயதுக்காரரும் அக்கா என்பார்.

"ஸ்டியரிங் உன் கையில இருக்குன்னு நீ நினைச்சுக்கோ" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்வார். "அப்படி நினைச்சாத்தான் தைரியம் வரும். பிரேக் என் காலுக்கு அடியில இருக்குன்றதை நான் பாத்துக்கிறேன்."

அவர் கத்துவதில்லை. கணவர்தான் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராம். "மனுஷன் ஒரு மாசம் கத்துனாரு. அவருக்குத் தொண்டை போச்சு, எனக்கு லைசென்ஸ் வந்துச்சு. கத்துனா கால் மறந்துடும் தம்பி. காதுதான் வேலை செய்யும்."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவது என் வழக்கம். அவரிடமும் கிளட்சில் கால் வைப்பதற்கு முன்பே சொன்னேன்.

"என்ன படிப்பு?"

"புள்ளியியல் அக்கா."

"அப்ப ரெண்டு நாள் கூடப் பிடிக்கும். படிச்ச காலுக்கு யோசனை ஜாஸ்தி."

ஐந்து நாள் கூடப் பிடித்தது.

கைபேசியை ஏன் இடுகாட்டில் விட்டுவிட்டு வருகிறார் என்பதை மூன்றாம் நாள்தான் கேட்டேன். அன்று நான் பின்னால் எடுக்கும்போது மதில் சுவரை முத்தமிட்டிருந்தேன். அவர் இறங்கி, விளக்கு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான். கத்துக்குறப்ப பண்ற தப்பு காருக்குள்ளயே இருக்கணும். ஊர்ல பெரிய ஆளுங்க எல்லாம் என் பக்கத்துல உக்காந்து அழுதிருக்காங்க. ஒரு நீதிபதி, ரிவர்ஸ்னு சொன்னாலே கண்ணை மூடிக்குவாரு. யாருன்னு கேக்காதே, சொல்லமாட்டேன். கார விட்டு இறங்கினா எனக்கு மறதி. ஆனா அதுக்கு மறதி கிடையாதே." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தலையை இடுகாட்டுப் பக்கம் ஆட்டினார்.

கைபேசிக்குப் பின்னால் இருக்கும் பெரிய கம்பெனியை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. வரைபடம், தேடல், தபால், விளம்பரம் எல்லாம் அதனுடையதுதான். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் சம்பந்தி. "எல்லாத்தையும் கேக்குது பாரு. எத்தனை வயசு, எங்க வேலை, யாரோட பழக்கம், எத்தனை மணிக்குப் படுக்குறே? நம்ம ஒண்ணு திருப்பிக் கேட்டா சிரிச்சுக்கிட்டே பேச்சை மாத்திடும். கோவிச்சுக்கவும் முடியாது, பொண்ணு அங்கல்ல இருக்கு."

ஆகையால் சம்பந்திக்கு அவர் உண்மையே சொன்னதில்லை. பிறந்த வருடம் கேட்டால், பட்டியலை விரலால் ஒரே உருட்டாக உருட்டி அது எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறதோ அதைத் தொடுவார். 1905. பாலினம், ஆண். தொழில், விமானி. பொழுதுபோக்கு, மலையேற்றம். முதன்முதலில் வளர்த்த பிராணியின் பெயர் கேட்ட இடத்தில் காவலாளியின் பெயரைப் போட்டு, அவரிடமும் சொல்லிவிட்டார். அவர் வருத்தப்படவில்லை.

இதற்குக் கிடைத்த பலன், விளம்பரங்கள். காலையில் காவலாளியிடமிருந்து கைபேசியைத் திரும்ப வாங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிப்பார்.

"தாடி அடர்த்தியா வளர எண்ணெய்! நம்பிட்டான் தம்பி, நம்பிட்டான்! நேத்து ஆம்பளைங்களுக்கு வழுக்கைக்கு மருந்து, இன்னிக்குத் தாடி. மேல போனது கீழ வந்திருச்சுன்னு நினைக்கிறான்போல."

ஒரு தடவை கம்பெனி, அவர் தினமும் போய்வரும் இடத்தை மதிப்பிடச் சொல்லிக் கேட்டது. 'இடுகாடு எப்படி இருந்தது? உங்கள் கருத்து மற்றவர்களுக்கு உதவும்.' அவர் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினார்: 'அமைதியான இடம். இதுவரை தங்கியவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.' அதற்கு நாற்பத்தொரு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

நான் அந்த நாட்களில் கம்பெனியின் கட்சி. பட்டம் வாங்கிய அன்றே எல்லாச் செயலிகளிலும் அதை வகுப்போடும் சதவீதத்தோடும் ஏற்றியவன். என் மாமன்மார் வாழ்த்துவதற்கு முன்பே கம்பெனி வாழ்த்தியது. அதனால் ஒருநாள் அவருக்கு விளக்கம் சொன்னேன். கோடிக்கணக்கான பேரின் தகவல் சேர்ந்து ஒரு சராசரி ஆகிறது அக்கா, அதில் உங்களைத் தனியாக யாரும் உற்றுப்பார்ப்பதில்லை.

அவர் உள்கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். "பின்னாடி ஒரு லாரி வருதா?"

"வருது."

"அது உன்னைப் பாக்குதா, ரோட்டைச் சராசரியாப் பாக்குதா?"

"தெரியல அக்கா."

"தெரியலன்னா என்ன பண்ணணும்?"

"தூரமா போகணும்."

"லைசென்ஸ் கிடைச்சிடும் உனக்கு" என்றார்.

கிடைத்தது. என் அலுவலகம் அடுத்த தெருவில் இருப்பதால் அதற்குப் பிறகும் மதிய நேரத்தில் அந்த அறைக்குப் போய் ஒரு நாற்காலியை நிரப்பிக்கொண்டிருப்பேன். அப்படித்தான் பின்னால் நடந்ததை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சம்பந்தியோடு அவருக்கு ஒரே ஒரு இடத்தில் உண்மையான உறவு இருந்தது. கம்பெனியின் வரைபடத்தில் பள்ளியின் பெயரைப் பதினொரு வருடம் முன்பு போட்டிருந்தார். பள்ளியின் பெயரும் இடமும் நிஜம். உரிமையாளர் மட்டும் 1905இல் பிறந்த விமானி. பழைய மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் இது ஐந்தில் ஒரு வழி. பத்திரிகையில் வரி விளம்பரம், மஞ்சள் காகிதத் தொலைபேசிப் புத்தகம், பேருந்து நிறுத்தத்துச் சுவர், வேறொருவருடைய வரைபடம் என்று வேறு நான்கு இருந்தன. பத்திரிகை வரி விளம்பரத்தை நிறுத்தியது. தொலைபேசிப் புத்தகம் அச்சாவது நின்றது. சுவரை யாரும் பார்ப்பதில்லை. நடக்கிறவர்களின் தலை கையில் இருப்பதைப் பார்த்துக் குனிந்துவிட்டது. அந்த இன்னொரு வரைபடத்தைக் கம்பெனியே வாங்கி, ஒரு வருடம் வைத்திருந்து, மூடியது. ஐந்து வழியும் ஒரு வழியானதை அவர் கவனிக்கவில்லை. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்களே.

போன வருடம் கம்பெனி தானே ஓட்டுநர் பயிற்சியும் தரத் தொடங்கியது. யாராவது 'கார் ஓட்ட' என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தாலே அதனுடைய பயிற்சியாளர்கள் மேலே வரிசையாக வந்து நின்றார்கள். அக்காவுக்கும் அழைப்பு வந்தது. சேர்ந்தால் மேலே இடம் கொடுப்பார்கள். நிபந்தனை ஒன்றுதான். காருக்குள் கம்பெனியின் கேமரா இருக்கும். கற்றுக்கொள்கிறவரின் கண், கை, எத்தனை முறை தடுமாறினார், எப்போது பயந்தார் எல்லாம் பதிவாகும். காப்பீடு போடுகிறவர்களுக்கு அது பயன்படுமாம். அழைப்பின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: 'உங்கள் தகவல், உங்கள் கட்டுப்பாட்டில்.'

அக்கா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "ஸ்டியரிங் உன் கையில இருக்குன்னு நினைச்சுக்கோ. இதைத்தானே தம்பி நான் இருபத்தாறு வருஷமா எல்லாருக்கும் சொல்றேன்!"

அழைப்பில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'சரி'. மற்றது 'இப்போது வேண்டாம்'. 'எப்போதும் வேண்டாம்' என்பதற்குப் பொத்தான் இல்லை. ஆகவே அவர் தினமும் இப்போது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், பதினெட்டு நாள்.

பத்தொன்பதாம் நாள் வரைபடத்தில் பள்ளியின் பெயருக்குக் கீழே சிவப்பில் எழுதியிருந்தது: 'நிரந்தரமாக மூடப்பட்டது.' முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்றுதான் மூன்று வருடம் படித்தேன். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கம்பெனிக்குத் தொலைபேசி எண் கிடையாது. உலகத்தில் எல்லோருடைய எண்ணும் அதனிடம் இருக்கிறது, அதன் எண் யாரிடமும் இல்லை. நான்தான் விவரமாக எழுதுகிறேன் என்று முன்வந்தேன். படித்தவன் கடிதத்துக்கு மரியாதை உண்டு என்ற நம்பிக்கை. ஆறு கடிதம் எழுதினேன். ஏழாவது நாள் பதில் வந்தது.

'அன்புள்ள குடும்பத்தினருக்கு, இந்தக் கணக்கின் உரிமையாளருடைய மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.'

அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தார். "யாரு செத்தது?"

காரணத்தைக் கம்பெனி சொல்லவில்லை. என் படிப்பு உதவியது அங்கேதான். உரிமையாளருக்கு வயது நூற்றிருபது. அவருடைய கைபேசி பல வருடமாகத் தினமும் காலையில் இடுகாட்டுக்குப் போகிறது. அங்கே மூன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கிறது. எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. மாலையிலும் அதுவே. அந்த இடத்தைப் பற்றி நல்லபடியாக எழுதியும் இருக்கிறார். இத்தனை தகவலையும் என்னிடம் கொடுத்துக் கேட்டிருந்தால் நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். முதல் வகுப்பில் தேறியவன் சொல்கிறேன்.

"மீதி நேரம் வீட்டுக்கும் கடைக்கும் நடமாடுனது யாருன்னு நினைச்சானாம், ஆவியா?" என்றார் அக்கா.

அவர் சொன்ன பொய் எல்லாம் வரிசையாக வந்து அவருக்கே பாடை கட்டியிருந்தன. உயிரோடு இருப்பதை நிரூபிக்க அடையாள அட்டை அனுப்பச் சொன்னார்கள். அட்டையில் இருப்பது ஐம்பத்து நான்கு வயதுப் பெண். கணக்கில் இருப்பது நூற்றிருபது வயது ஆண். 'விவரங்கள் பொருந்தவில்லை' என்று பதினைந்தே நொடியில் பதில் வந்தது. முதல் பிராணியின் பெயரைக் கேட்டது. அதை மட்டும் சரியாகச் சொன்னார்.

அவருடைய மகள் பல் மருத்துவமனையில் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். விதிமுறைகளை எல்லாம் படித்துவிட்டு ஒருநாள் மதியம் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு வழி இருக்கு. கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நீ செத்துட்டேன்னு ஒத்துக்கிட்டா, வாரிசுன்னு சொல்லி நான் ஒரு வாரத்துல என் பேருக்கு மாத்திடலாம். உயிரோட இருக்கேன்னு சொன்னா மூணு மாசம் ஆகுமாம்."

"சாவுச் சான்றிதழ் கேப்பானே."

"அதான் யோசிக்கிறேன்."

"நல்லா யோசி. பெத்தவளைக் கொல்றதுக்கு ஃபாரத்தைத் தேடுறா பாரு தம்பி இவ."

"நீயே இழுத்து விட்டுக்கிட்டதும்மா! உண்மையைச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? எல்லாரும் சொல்றாங்க, யாருக்கு என்ன ஆயிடுச்சு?"

பள்ளியில் அந்த மாதம் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை. வழக்கமாகப் பதினாலு பேராவது சேருவார்கள். இருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு உரிமம் கிடைத்துவிட்டது. நான் துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கடைவீதியில் கொடுத்தேன். வாங்கியவர்கள் எல்லோரும் உடனே கைபேசியை எடுத்து, பள்ளியைத் தேடிப்பார்த்து, என்னை மோசடிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்மணி வந்தது அதற்கு அடுத்த வாரம். வாசலில் நின்று, பெயர்ப்பலகையைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார்.

"வாங்கம்மா, கார் கத்துக்கணுமா?" என்று அக்கா எழுந்தார்.

"ஆமா. ஆனா மூடிட்டாங்கன்னு போட்டிருக்கே?"

"நான்தான் உக்காந்திருக்கேனேம்மா."

"அது தெரியுது" என்றார் அந்தப் பெண்மணி. இன்னொரு தடவை கைபேசியைப் பார்த்தார். முகத்தில் உண்மையான சங்கடம். "இல்ல, நிரந்தரமான்னு போட்டிருக்காங்க." மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

அக்கா உட்காராமலே மேசை மேலிருந்த கைபேசியை எடுத்தார். அழைப்பு இன்னும் அங்கேதான் இருந்தது. 'இப்போது வேண்டாம்' என்பதற்குப் பக்கத்திலிருந்த மற்ற பொத்தானைத் தொட்டார்.

புதிய கணக்குக்கான படிவத்தை அவர் எதையும் தாண்டாமல் படித்தார். நாற்பது நிமிடம் ஆனது. உண்மையான பிறந்த தேதி, பெண், ஓட்டுநர் பயிற்சியாளர், வீட்டு முகவரி, எந்த நேரமும் இருப்பிடம் அறிய அனுமதி. பிறகு முகத்தைக் காட்டச் சொன்னது. பயிற்சி நடக்கும்போது கைபேசியின் கேமரா காருக்குள் பார்த்தபடி இருக்கவேண்டும் என்ற விதியின் கீழ் தனியாக ஒரு 'சரி' கேட்டது. அந்த இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"கேமராவத் துணி போட்டு மூடிடலாமா தம்பி?"

"கண்டுபிடிச்சிடும் அக்கா."

"சரி" என்றார். என்னிடம் சொன்னாரா, அதனிடம் சொன்னாரா தெரியவில்லை. தொட்டுவிட்டார். மூன்று மாதம் ஆகும் என்றது மூன்று நிமிடத்தில் நடந்தது. சிவப்பு எழுத்து போய்ப் பச்சை எழுத்து வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரக்காரர்களும் செத்த விமானியோடு போய்விட்டார்கள். புதிய பள்ளிக்கு வயது ஒரு நாள்.

இப்போது பள்ளி நடக்கிறது. மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வலது ஷூ முன்பைவிடச் சீக்கிரம் தேய்கிறது. இடுகாட்டுக் காவலாளி காலையில் வெறும் வணக்கம் மட்டும் சொல்கிறார். கைபேசி காரின் முன்பலகையில், உள்ளே பார்த்தபடி நிற்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் அக்கா முதல் நாளே சொல்லிவிடுகிறார்: "இது பாக்கும். பயம் வந்தா வெளிய பாரு, இது பக்கம் திரும்பாதே." நீதிபதி மாதிரியானவர்கள் யாரும் இப்போது வருவதில்லை. விளம்பரங்களை அவர் சத்தமாகப் படிப்பதும் இல்லை. தாடி எண்ணெய் நின்றுவிட்டது. வருவது முட்டிவலிக்கு உறை. அதுவும் வலது காலுக்கு. அந்த வலியை அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

சரிபார்க்கப்பட்ட பயிற்சியாளர்கள் அவ்வப்போது கம்பெனிக்கு முகத்தைக் காட்டி, தாங்கள் தாங்கள்தான் என்று நிரூபிக்கவேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலை நான் அந்த வழியே போனபோது, இடுகாட்டுச் சாலையோரம் கார் நின்றிருந்தது. மாணவர் இன்னும் வரவில்லை. அக்கா தன் இருக்கையில் தனியாக, கைபேசிக்கு நேராக முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து ஒரு பெண்குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பாருங்கள். அவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பாருங்கள். வலது பக்கம் பார்த்தார். நேராகப் பாருங்கள், அசையாதீர்கள். அசையாமல் இருந்தார். நான் சன்னல் வழியே குனிந்து பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை, சாவியே போடவில்லை. அவருடைய வலது கால் மட்டும் அந்த இரண்டாவது பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது.